மிர் நிலையத்துக்குப் போன ஒலிநாடா

1988ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயூஸ் டிஎம்-7 விண்கலம் மிர் விண்வெளி நிலையத்தை நோக்கிப் புறப்பட்டது. அதில் மூன்று பேர் இருந்தார்கள். தளபதி அலெக்சாண்டர் வோல்கோவ், பொறியாளர் செர்கேய் கிரிகலேவ், பிரான்சைச் சேர்ந்த ழான்-லூ கிரெத்தியேன். அவர்களோடு ஓர் ஒலிநாடாவும் போயிற்று. அதற்கு நான்கு நாள் முன்னர்தான் வெளியாகியிருந்த 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' என்னும் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் மேடை நிகழ்ச்சிப் பதிவு அது. குழுவைச் சேர்ந்த டேவிட் கில்மோரும் நிக் மேசனும் ஏவுதளத்துக்கே வந்திருந்து விண்கலம் எழும்புவதைப் பார்த்தார்கள்.

அதே தொகுப்பின் நகல் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் விடுதி அறைக்கு வந்து சேர்ந்தது. நான் முதுகலைத் தமிழ்; அறைத்தோழன் முதுகலை இயற்பியல். கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கிய தொண்ணூறு நிமிட நாடாவில் முழுத் தொகுப்பும் அடங்கவில்லை. கில்மோரின் கிதார் மேலேறிக்கொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்து, பொத்தான் 'டக்' என்று எழும்பிவிடும். நெடுங்காலத்துக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் முடியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பிற்பாடு முழுமையாகக் கேட்டபோது, அந்த 'டக்' ஒலி வராதது ஒரு குறையாகவே பட்டது.

சங்க இலக்கியம் படிக்கிறவனுக்கு இங்கிலாந்தின் ராக் இசை எதற்கு என்று என்னைக் கேட்டவர்கள் பலர். (இப்போதும் துறையில் கேட்கிறார்கள், தொனி மட்டும் சற்று மரியாதையாக மாறியிருக்கிறது.) அதற்கு என்னிடம் கௌரவமான விடை ஏதும் இல்லை. நண்பன் கேட்டான், நானும் கேட்டேன். அவனுக்கு விண்வெளி. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய நாள்களில் பிபிசி தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்புக்காக இதே குழு அந்தக் கணத்திலேயே இட்டுக்கட்டி வாசித்தது என்பதை, ஏதோ தன் தாய்மாமன் வாசித்ததுபோலச் சொல்வான். எனக்கு அதில் இருந்த துக்கம் பிடித்திருந்தது. இருவரும் ஒரே பாட்டைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

'ஸ்டாக்கர்' படத்தை எங்களுக்குக் காட்டியது ஒரு திரைப்படக் கழகம். 2001 என்று நினைவு. கூப்ரிக்கின் '2001' படத்தை அந்த ஆண்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்று போனோம், குறுந்தகடு ஓடவில்லை. பதிலுக்குத் தார்க்கோவ்ஸ்கியைப் போட்டார்கள். படம் பழுப்பு நிறத்தில் தொடங்கி வெகுநேரம் அப்படியே போகும். மூன்று பேர் தண்டவாளத்தில் ஒரு சிறு வண்டியில் ஏறி விலக்கப்பட்ட மண்டலத்துக்குள் நுழைகிறார்கள். சக்கர ஒலி நீள்கிறது, நீள்கிறது, பிறகு சட்டென்று பச்சை. படம் வண்ணமாகிறது. அதற்கு முன்பே எழுந்து போய்விட்ட பாதிக் கூட்டத்துக்கு அது வண்ணப்படம் என்பது இன்றும் தெரிந்திருக்காது.

ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்' நாவலிலிருந்து 1979இல் எடுக்கப்பட்ட படம் அது. விண்கலங்கள் இல்லை; வேற்றுலகவாசிகள் இல்லை. புல், நீர், துருப்பிடித்த இரும்பு, இடிந்த கட்டடம் இவ்வளவுதான். மண்டலத்தின் நடுவே ஓர் அறை இருக்கிறது. அங்கே போகிறவரின் ஆழ்மன ஆசை நிறைவேறும் என்கிறார்கள். ஸ்டாக்கர் என்பவன் அங்கே கள்ளத்தனமாக ஆட்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி. அவனுடன் வரும் இருவருக்குப் பெயர் இல்லை. ஒருவர் எழுத்தாளர், மற்றவர் பேராசிரியர். படம் முடிந்து திரும்பும் பேருந்திலேயே எங்களுக்கு அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. இயற்பியல்காரன் பேராசிரியர், தமிழ்க்காரன் எழுத்தாளர். பின்னர் அவன் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியரானான். கல்லூரிக்கு வந்தது நான். எழுத்தாளர் ஆனவர் யாருமில்லை.

அந்த மண்டலத்தை முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது பாலை. தொல்காப்பியம் பாலைக்கென்று தனியாக நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையின் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அதாவது பாலை ஓர் இடமன்று. இடத்துக்கு நேர்ந்த ஒன்று. தார்க்கோவ்ஸ்கியின் மண்டலமும் அப்படித்தான். ஒரே வேறுபாடு, அது பச்சையாக இருக்கிறது. நம் பாலையில் நீர் வற்றுகிறது. அங்கே நீர் எங்கும் கசிந்துகொண்டேயிருக்கிறது. வகுப்பில் பாலைத்திணை நடத்தும்போது இதைச் சொல்லாமல் இருப்பதற்கு நான் கொஞ்சம் சிரமப்படுவேன்.

படம் வந்து ஏழாண்டுகளில், 1986 ஏப்ரல் 26 அன்று, செர்னோபிலின் நான்காம் உலை வெடித்தது. மறுநாள் பிரிப்யாத் நகரம் காலி செய்யப்பட்டது. உலையைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு விலக்கு மண்டலம் உண்டாயிற்று. பிற்காலத்தில் அதற்குள் திருட்டுத்தனமாக நுழைந்து திரிந்த இளைஞர்கள் தங்களை ஸ்டாக்கர் என்றே அழைத்துக்கொண்டார்கள். இதை வைத்துக்கொண்டு தார்க்கோவ்ஸ்கியைத் தீர்க்கதரிசி என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் பேச்சில் ஒப்புதல் இல்லை. 1957லேயே உரால் பகுதியின் மாயாக் அணு ஆலையில் கழிவுத்தொட்டி வெடித்து, ஊர்கள் காலியாகி, எல்லாம் இரகசியமாக மூடப்பட்டிருந்தது. ஜோரெஸ் மெத்வதேவ் 1976இல் வெளிநாட்டிலிருந்து எழுதும்வரை உலகம் அதைச் சரிவர அறியவில்லை. வேலியிட்ட நிலங்கள் ஏற்கெனவே அந்த நாட்டில் இருந்தன. நல்ல அறிவியல் புனைவு வருங்காலத்தை எட்டிப் பார்ப்பதைவிட, நிகழ்காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததற்கு ஓர் உருவம் கொடுக்கிறது என்றே நினைக்கிறேன்.

ராக் இசைக்குழுக்கள் முதுமையடைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்பதைக் கடந்தும் மேடையில் ஓடும் மிக் ஜாகரைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு வருகிறது, நெகிழ்ச்சி வருவதில்லை. பிங்க் ஃப்ளாய்டின் கதை வேறு. அவர்கள் இளைஞர்களாக இருந்தபோதே முதுமையைப் பாடியவர்கள். நாள்கள் கைநழுவிப் போவதைப் பற்றி ரோஜர் வாட்டர்ஸ் எழுதி, 1973இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் வந்த வரிகள் முப்பது நிரம்பாத ஒருவருடையவை. 2023இல், எண்பது வயது நிறைந்த மறுமாதம், அதே தொகுப்பை அவர் தனியாக மீண்டும் பதிவு செய்து வெளியிட்டார். கிதார் முழக்கங்களை எடுத்துவிட்டு, கரகரத்த தாழ்குரலில் பாதி பாட்டும் பாதி பேச்சுமாக. இரசிகர்கள் பலருக்கு அது எரிச்சலூட்டியது. எனக்குப் பிடித்திருந்தது. இளைஞன் ஊகித்து எழுதியதைக் கிழவன் சரிபார்க்கிறான்.

வாட்டர்ஸ் 1985இல் குழுவைவிட்டு விலகினார். பெயர் யாருக்கு என்று வழக்கு நடந்தது. அந்தத் தொகுப்பு, அதாவது மிர் நிலையத்துக்குப் போனது, அவர் இல்லாத பிங்க் ஃப்ளாய்டின் தொகுப்பு. விடுதி நாள்களில் இதைக்கொண்டு நாங்கள் கட்சி கட்டிச் சண்டையிட்டதுண்டு. அவன் வாட்டர்ஸ் கட்சி; சொற்கள்தாம் முக்கியம் என்பான். தமிழ் படித்த நான் கில்மோர் கட்சி. கிதாருக்குச் சொல் எதற்கு என்பேன். யார் எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் 'லைவ் 8' நிகழ்ச்சிக்காக நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அதன் பதிவை நண்பன் எங்கிருந்தோ ஒரு குறுந்தகட்டில் வாங்கிவந்தான். இறுதியில் நால்வரும் தோளோடு தோள் அணைத்து நிற்கும்போது கில்மோரின் முகத்தில் தெரியும் சங்கடத்தைச் சுட்டிக்காட்டி, "உன் ஆளுக்குப் பிடிக்கலை பாரு" என்றான். ரிக் ரைட் 2008 செப்டம்பரில் இறந்தபோது இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். இருவரும் அதிகம் பேசவில்லை. புரவலன் மறைந்தபோது பாடியவன் செயலற்று நிற்பது கையறுநிலை. எங்கள் காலத்தில் பாடியவன் போகிறான், கேட்டவன் நிற்கிறான்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. முதல் நாளே செர்னோபில் அவர்கள் கைக்குப் போயிற்று. மார்ச் மாத இறுதியில் அவர்கள் அங்கிருந்து வெளியேறிய பிறகு, கதிரியக்கம் படிந்த செங்காட்டில் படைவீரர்கள் பதுங்குகுழி வெட்டியிருந்த செய்தி வந்தது. அறையை நோக்கி நேராக நடக்கக்கூடாது என்று படத்தில் ஸ்டாக்கர் திரும்பத் திரும்ப எச்சரிப்பான். நேராக நடந்தவர்கள் எவருக்கும் அதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அதே மாதத்தில் பிங்க் ஃப்ளாய்ட் 1987க்குப் பிந்தைய தன் பதிவுகளை ரஷ்யாவின், பெலாரசின் இணையச் சேவைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. சோவியத் ராக்கெட்டில் ஏறிப்போன தொகுப்பும் அந்தக் கணக்கில் அடக்கம். ஏப்ரல் 8 அன்று ஒரு புதிய பாடல் வெளியானது. பூம்பாக்ஸ் குழுவின் பாடகர் ஆந்திரி க்லிவ்னியுக் இசைப்பயணத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பி, கீவ் நகரின் சோபியா சதுக்கத்தில் சீருடையும் துப்பாக்கியுமாக நின்று தனிக்குரலில் ஒரு பழைய உக்ரைனியப் பாட்டைப் பாடியிருந்தார். முதல் உலகப்போர்க் காலத்துப் படைப்பாட்டு அது. அந்தக் குரலை எடுத்து, அதைச் சுற்றிக் கில்மோரும் மேசனும் வாசித்தார்கள். நம் வம்சாவளியினரான நிதின் சாஹ்னி அதில் விசைப்பலகை வாசித்திருந்தார். கில்மோரின் மருமகள் உக்ரைன் நாட்டவர் என்பதால் அது குடும்பத் துயரமும்கூட. எழுபத்தாறு வயதில் அந்தக் கிதார் அப்படி அழுததை நான் எதிர்பார்க்கவில்லை. பாடலை உடனே நண்பனுக்கு அனுப்பினேன். "கேட்டேன். நல்லா இருக்கு. ஆனா..." என்று பதில் வந்தது.

அந்த 'ஆனா'வின் மறுபக்கத்தில் வாட்டர்ஸ் இருந்தார். அவருடைய தந்தை 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தபோது அவர் ஐந்து மாதக் குழந்தை. 'தி வால்', 'தி ஃபைனல் கட்' எல்லாம் அந்த ஓர் இழப்பிலிருந்து கிளம்பியவை. அப்படிப்பட்டவர் மேற்கு நாடுகளையும் சேர்த்தே குற்றம் சாட்டத் தொடங்கியபோது பலரைப்போல நானும் கொதித்தேன். 2023 பிப்ரவரியில் கில்மோரின் மனைவி பாலி சாம்சன் வாட்டர்ஸை மிகக் கடுமையாகச் சாடி எழுத, அதன் ஒவ்வொரு சொல்லும் மெய்யென்று கில்மோர் வழிமொழிந்தார். இரண்டு நாள் கழித்து ரஷ்யாவின் அழைப்பின்பேரில் வாட்டர்ஸ் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் காணொளி வழியாகப் பேசினார். படையெடுப்பு சட்டவிரோதமானது, அதைக் கண்டிக்கிறேன் என்றார். அது தூண்டுதலின்றி நடந்ததன்று, தூண்டியவர்களையும் கண்டிக்கிறேன் என்றும் சொன்னார். உலகம் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் நான் 'ஸ்டாக்கர்' படத்தைத் திரையிட்டேன். அறுபது மாணவர்கள் வந்தார்கள். பழுப்பு நிறம் முடியும்வரை நாற்பது பேர் இருந்தார்கள். எங்கள் காலத்தைவிட மேல். படம் முடிந்ததும் கதிரியக்கம் குறித்துக் கால்மணி நேரம் பேச நண்பனை அழைத்திருந்தேன். நூற்றிருபது கிலோமீட்டர் பேருந்தில் வந்திருந்தான். மாணவர்களுக்குப் புரியும்படி, ஆசிரியனுக்கே உரிய நிதானத்தோடு பேசினான். அரைவாழ்வுக் காலத்தை விளக்கினான். உலை ஏன் வெடித்தது என்பதைக் கரும்பலகையில் வரைந்தான். பிறகு செங்காட்டுப் பதுங்குகுழிகளுக்கு வந்தான். "ஆனா, இந்தப் போர் 2022 பிப்ரவரியில திடீர்னு முளைச்சதில்லை" என்று தொடங்கி நேட்டோவின் விரிவாக்கம், 2014 என்று போனான். வாட்டர்ஸின் பெயரையும் சொன்னான்.

நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன். நேரமாகிவிட்டது, மாணவர்கள் பேருந்தைப் பிடிக்கவேண்டும் என்று சொன்னேன். பேருந்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "படையெடுப்பைப் படையெடுப்பு என்று சொல்லவும் சிலருக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அவன் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டான். வாசல்வரை போனேன். "வரேன்" என்றான். சாப்பிட்டுப் போ என்று நான் சொன்னேனா என்பது நினைவில் இல்லை.

மாலையில் அரங்கைப் பூட்டப் போனபோது, மேசைமேல் அவன் குறிப்பெழுதி வைத்திருந்த அரைத்தாள் கிடந்தது. ஐந்து குறிப்புகள், எண் போட்டு. நான் நிறுத்தியது மூன்றாவதில். நான்காவது குறிப்பு இது: 'எந்தக் காரணமும் படையெடுப்பை நியாயப்படுத்தாது. அழுத்திச் சொல்லவும்.' 'அழுத்தி' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடுகள். ஐந்தாவது, மாணவர்கள் கேள்வி கேட்க ஐந்து நிமிடம்.

படத்தில் ஸ்டாக்கருக்கு ஓர் ஆசான் உண்டு. முள்ளம்பன்றி என்பது அவன் பட்டப்பெயர். தன் தம்பியை மண்டலத்தில் பலிகொடுத்துவிட்டு, அவனை உயிரோடு திருப்பித்தரும்படி கேட்க அறைக்குள் போகிறான். வீடு திரும்பினால் பணம் குவிந்து கிடக்கிறது. அறை வாய்ச்சொல்லைக் கேட்பதில்லை. ஒரு வாரத்தில் அவன் தூக்கில் தொங்குகிறான். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டதனால்தான் எழுத்தாளரும் பேராசிரியரும் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசிவரை ஒருவரும் உள்ளே போவதில்லை. மாணவர்கள் நல்ல சினிமா பார்க்கவேண்டும் என்பதற்காகவே அந்தத் திரையிடலை நடத்துகிறேன் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். கைதட்டல் வந்தபோது எனக்குள் மலர்ந்தது எது என்று எனக்குத் தெரியும்.

அவனுடைய கருத்தை இப்போதும் நான் ஏற்கவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். போருக்கு வரலாறு உண்டு என்பதும், வரலாற்றை யார் யாருக்கு அருகில் நின்று சொல்கிறார்கள் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். ரஷ்யா அழைத்த மேடையில் வாட்டர்ஸ் ஏறியிருக்கக்கூடாது. ஆனால் இதையெல்லாம் ஐந்தாவது குறிப்புக்கு வந்தபின் நான் கேட்டிருக்கலாம்.

அந்த அரைத்தாள் என்னிடமே தங்கிவிட்டது. இரண்டாண்டுகள் எங்களுக்குள் பேச்சில்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப்படம் வரும்; நானும் ஒன்று அனுப்புவேன். இடையில் எப்போதோதான் வோல்கோவின் சொந்த ஊரைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹோர்லிவ்கா. உக்ரைனின் டோனெட்ஸ்க் பகுதி. 2014லிருந்தே கீவ் அரசின் கையில் இல்லாத ஊர். 1992 மார்ச்சில் அவரும் கிரிகலேவும் மிர் நிலையத்திலிருந்து ஒன்றாகத் தரையிறங்கியபோது, அவர்களை அனுப்பிய நாடே இல்லாமற் போயிருந்தது. ஒரே கலத்தில் போய் ஒரே பாட்டைக் கேட்டவர்கள். இதை அவனிடம் சொன்னால் எப்படி ஆர்ப்பரிப்பான் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

2025 பிப்ரவரி 14 அதிகாலையில், செர்னோபில் உலையை மூடி நிற்கும் மாபெரும் எஃகுக் கூடாரத்தின்மேல் ஒரு ட்ரோன் மோதியது. ரஷ்யா அனுப்பியது என்றது உக்ரைன், ரஷ்யா மறுத்தது. மறுநாள் நண்பனிடமிருந்து அந்தச் செய்தியின் இணைப்பு வந்தது. ஒரு சொல்லும் இல்லை. அரைத்தாளைப் பற்றி நீளமாக எழுதினேன். அழித்தேன். வோல்கோவைப் பற்றி எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில், "அந்த கேசட் உன்கிட்டயா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

இரவு பதில் வந்தது. "உன்கிட்டதான். பச்சை டிரங்குப் பெட்டி. விடுதியைக் காலி பண்ணப்ப நீதான் எடுத்துட்டுப் போன."

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். யாப்பருங்கலக்காரிகைக் குறிப்பேடு இருந்தது, அவனுடைய இயற்பியல் செய்முறைப் பதிவேடு ஒன்று எப்படியோ இருந்தது, கேசட்டின் பிளாஸ்டிக் உறையும் அவன் கையெழுத்தில் பாடல் பட்டியலோடு இருந்தது. உள்ளே நாடா இல்லை. படமெடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தான். இரண்டு ஆண்டுகளில் முதல் அழைப்பு.

"அப்ப நாடா மட்டும் என்கிட்டயா?" என்றான். "வீட்டுல தேடிப் பார்க்கிறேன்."

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். இரண்டொரு முறை பேசினோம். மகளின் தேர்வு, அவனுடைய இரத்த அழுத்தம், கில்மோரின் புதிய தொகுப்பு. அரைத்தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவனுக்கு அதை இன்னும் காட்டவில்லை.